ஈரத்தில் மூடிய கூம்பு

உங்களை ஒன்று கேட்கிறேன், உடனே பதில் சொல்ல வேண்டாம். பார்த்துவிட்டால் அதற்கொரு பெயர் வந்துவிடுமே என்ற அச்சத்தால் நீங்கள் பாராமலே வைத்திருக்கும் இடம் ஏதேனும் உங்களிடம் உண்டா? அது வீட்டில் இருக்கலாம், மனத்தில் இருக்கலாம், உடம்பிலும் இருக்கலாம். கை தற்செயலாகப் பட்டதும் சுட்டாற்போல் விலகி, வேறு வேலை இருப்பதாக நடித்துக்கொள்ளும் இடம். சுகிர்தமணிக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. இடது மார்பின் ஓரத்தில், அக்குளை நோக்கிச் சாயும் சரிவில், ஒரு கட்டி. நாகர்கோவிலில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் அவள், ஆடிச் சாரல் பெய்த ஒரு காலையில் குளித்துக்கொண்டிருந்தபோது அது விரலில் தட்டியது. இப்போது ஐப்பசி மழை பிடித்துவிட்டது. இடையில் அவள் கணவரிடம் சொல்லவில்லை, மருத்துவரிடம் காட்டவில்லை, மறுபடி விரல் வைத்துப் பார்க்கவும் இல்லை. சோப்பு நுரை அந்தச் சரிவை நெருங்கும்போதெல்லாம் கை தானாகவே ஒரு வளைவு எடுத்து, பள்ளத்தைத் தவிர்க்கும் வண்டிபோலச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டிருந்தது.

அன்று மதியம் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு ஊசியிலை மரங்களையும் கூம்பு தாங்கும் மற்றத் தாவரங்களையும் அறிமுகம் செய்யும் முதல் பாட வகுப்பு; இலை வெட்டிப் பார்க்கும் செய்முறை முன்பே தொடங்கிவிட்டிருந்தது. அதற்காக அவள் சாப்பாட்டு வேளையிலேயே ஆய்வகத்தின் பின்னறைக்கு வந்து அலமாரியைத் திறந்து பைன் கூம்பை எடுத்தாள். எடுத்தவள் திகைத்தாள். கொடைக்கானல் சுற்றுலாவில் மாணவிகள் பொறுக்கிவந்த அந்தக் கூம்பு, கோடையில் பார்த்தபோது மரத்தில் செதுக்கிய ரோஜாபோல விரிந்து கிடந்தது. இப்போதோ செதில் செதிலோடு ஒட்டி, இறுக்கிய முஷ்டிபோல மூடிக்கிடந்தது. ஆய்வக உதவியாளர் லில்லிபாய் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ மேடம், யாரோ நல்லதைத் தூக்கிட்டுப் பிஞ்சைக் கொண்டு வச்சிட்டா. ஒரு பொருளை வச்சா வச்ச இடத்துல இருக்கா இந்தக் காலேஜில?” என்றாள். “பிஞ்சு இல்ல லில்லி, அதே கூம்புதான். மழை ஈரம் பட்டா மூடிக்கிடும், காய்ஞ்சா விரியும்.” “செத்துப்போன காய்க்கு இவ்வளவு குசும்பா!” என்று லில்லிபாய் மோவாயில் கை வைத்தாள். சுகிர்தமணி மேசை விளக்கின் கழுத்தை வளைத்து, பழைய குண்டு பல்பின் சூடு நேரே விழும்படி கூம்பை அடியில் வைத்தாள். வகுப்பு மணி அடிப்பதற்குள் விரிந்துவிடும். அதுவரை அவளுக்கு வேறு வேலை இல்லை. அதுதான் ஆபத்து. வேலை இல்லாத ஒரு மணி நேரத்தை அவள் ஆடியிலிருந்து தனக்குக் கொடுத்ததே இல்லை.

உட்கார்ந்தாள். வெளியே மழை தகரக் கூரையில் ஒரே சுருதியில் விழுந்துகொண்டிருந்தது. எங்கே தொடங்குவது என்று யோசித்தாள். பூக்களுக்கு முன்பே உலகில் விதை இருந்தது என்று தொடங்கலாம். மாமரமும் முருங்கையும் தங்கள் விதையை ஒரு கனிக்குள் வைத்துப் பூட்டிக் காக்கின்றன. இவையோ அப்படிச் செய்வதில்லை, ஒரு செதிலின் மேல் விதையை வெறுமனே வைத்து, மூடாமல் காற்றுக்கும் குளிருக்கும் காட்டிக்கொண்டு நிற்கின்றன, அதனால்தான் திறந்தவிதைத் தாவரங்கள் என்கிறோம். திறந்து காட்டுவதற்கு எத்தனை துணிவு வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தவள், அந்தச் சொல் எங்கே போய் இடிக்கிறது என்பது தெரிந்து, பேச்சை ஆண் கூம்புக்குத் திருப்பினாள். ஆண் கூம்பு சிறியது, மென்மையானது, மகரந்தத்தைக் கொட்டிவிட்டு உதிர்ந்துவிடும். ஒவ்வொரு மகரந்தத்துகளுக்கும் இரண்டு காற்றுப் பைகள், மஞ்சள் புகைபோல மலைச்சரிவெங்கும் மிதக்கும். பெண் கூம்பில் ஒவ்வொரு சூலின் வாயிலும் ஒரு துளி நீர் ஊறி நிற்கும், கண்ணீர்த் துளிபோல, அல்ல, கண்ணீர் என்று சொல்லக் கூடாது, பிள்ளைகள் சிரிப்பார்கள், பனித்துளிபோல. காற்றில் வரும் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு துளி மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளப்படும், துகளும் கூடவே உள்ளே போகும், செதில்கள் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு உள்ளே ஏறக்குறைய ஓராண்டுக் காலம் வெறும் காத்திருப்பு. வந்து சேர்ந்தது வந்து சேர்ந்தபடியே உள்ளே இருக்க, வெளியே எந்த மாற்றமும் தெரியாது. ஓராண்டு. ஆடியிலிருந்து எண்ணினால். சீ, ஏன் எண்ண வேண்டும். பைனுக்கு அவசரமில்லை, அது நூறாண்டு நிற்கும் மரம், அதன் பொறுமைக்கு அதனிடம் கையிருப்பு இருக்கிறது. அவளிடம் இருக்கிறதா? விளக்கின் சூட்டில் கூம்பிலிருந்து லேசாகப் பிசின் மணம் எழுந்தது. வில்லுக்குப் பிசின் தேய்த்து வயலின் வாசிக்கும் வீட்டுக் கதவைத் திறந்ததுபோன்ற மணம்; தேவாலயத்துச் சாம்பிராணி அடங்கிய பின் தங்கும் மணம்; எந்த அடக்க ஆராதனை அது, யாருடைய பெட்டி, வேண்டாம். பிசினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டையில் வெட்டுப் பட்டால் மரம் உடனே பிசினைச் சுரந்து காயத்தை மூடும். மரத்துக்கு அது மெய்யான மருந்து. அவளும் ஆடியிலிருந்து சுரந்துகொண்டுதான் இருக்கிறாள். தேர்வுத்தாள், தம்பி மகன் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தது, தோட்டத்தில் பெயர்ப்பலகை நட்டது, எல்லாம் பிசின். ஆனால் அவளுடையது மருந்தில்லை, வெறும் பூச்சு. உள்ளே நடப்பது உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கிறது. என்ன நடக்கிறது? ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். இருக்கலாம் என்ற அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டுதான் மழைக்காலம்வரை வந்தாள்.

கல்யாணம் முடியட்டும் என்று முதலில் சொல்லிக்கொண்டாள், முடிந்தது. பருவத் தேர்வு முடியட்டும் என்றாள், அதுவும் முடிந்தது. தைமாதம் கொடைக்கானல் சுற்றுலா, பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது, அது முடியட்டும். கணவர் ஞானசிகாமணியிடம் சொல்லலாம். நல்ல மனிதர், ஆனால் கேட்டவுடன் கலங்கிப்போவார். பிறகு அவரைத் தேற்றுவதே அவளுக்கு வேலையாகிவிடும். சென்னையில் இருக்கும் மகளிடம் சொல்லலாம், அவளுக்கும் தேர்வு. இப்படி ஒவ்வொருவர் நலத்தையும் ஒரு செதிலாக அடுக்கி, நடுவில் தன்னை வைத்து மூடிக்கொண்டாள். அன்பு என்றே அதற்குப் பெயரும் வைத்தாள். கட்டிக்கும் பெயர்கள் வைத்திருந்தாள்: நீர்க்கட்டி, கொழுப்புக்கட்டி, வயதின் மாற்றம், மாதவிடாய் நிற்கும் காலத்துக் கோளாறு. வலிக்கவில்லையே, வலித்தால்தானே கெட்டது? எங்கோ படித்தாள். வலிக்காமல் இருப்பதே கெட்டது என்றும் எங்கோ படித்தாள், அந்தப் பக்கத்தை உடனே மூடினாள். போன வாரம் மாணவி அபிஷாவின் ரெக்கார்டு நோட்டில் பைன் ஊசியிலையின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்ததும் தனக்கு வந்த கோபம் இப்போது நினைவுக்கு வந்தது. என்ன அழகான படம்! அரைவட்டம், நடுவில் நரம்பு, இரு பக்கமும் ஒவ்வொரு பிசின் குழாய், கோடு கோடாகப் பெயர்கள், பாடநூலில் உள்ளது அப்படியே. அந்தப் பெண்ணின் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், வெட்டு கோணலாக விழுந்து, பாதி கிழிந்து, ஒரு குழாய்தான் தெரிந்தது. “இன்னொரு குழாய் எங்க அபிஷா?” “புக்கில ரெண்டு இருக்கே மிஸ்.” “உன் கண்ணாடிச் சில்லுல?” சுகிர்தமணி வகுப்பே கேட்கும்படி சொன்னாள்: “எதிரில இருக்கிறத வரை, கோணலா இருந்தா கோணலாவே வரை. புத்தகத்தில இருக்கிறத வரையறதுக்கு உனக்குக் கண் எதுக்கு?” சொல்லிவிட்டு அந்தத் தாளைக் கிழித்தாள். கிழித்த ஓசை இப்போது இந்த அறையில் கேட்டது. இருபத்தைந்து ஆண்டாக ஊசியிலைகளை மெல்லிசாகச் சீவச் சொல்லி, சாயமேற்றி, கண்ணாடிக்கு நடுவே வைத்துப் பார்க்கச் சொல்லி வந்தவள், தன் உடம்பில் ஓர் ஓரத்தைப் பாராமலே, பாடநூலில் உள்ள நல்ல படத்தை அழகாக வரைந்து, கோடு இழுத்துப் பெயரும் எழுதி வைத்திருக்கிறாள். அதை யார் கிழிப்பது?

பயம் நோயைப் பற்றியதுகூட அல்ல என்று தோன்றியது. அவளுக்குத் தெரிந்ததே அவளுக்குப் பகையாக நின்றது. தன்னிலிருந்து எடுத்த ஒரு துணுக்கை யாரோ முகம் தெரியாத ஒருவர் மெல்லிய ஏடாகச் சீவுவார். சாயமேற்றுவார், அதன் நிறம்கூட அவளுக்குத் தெரியும். ஒளியைச் சரிசெய்து, திருகைத் திருப்பி, மங்கல் தெளிவாகும் அந்த நொடியில் உள்ளே பார்ப்பார். வரிசையாக, ஒழுங்காக, வீடு வீடாக இருக்க வேண்டிய செல்கள். அவை அப்படி இருக்கும், அல்லது இரா. தேநீர் குடித்தபடி ஒரு வரி எழுதுவார். வாழ்நாளெல்லாம் பார்க்கும் பக்கத்தில் இருந்தவள் பார்க்கப்படும் பக்கத்துக்குப் போக வேண்டும். “என்ன மேடம், அடைகாக்கிற கோழி மாதிரி இதுக்கு முன்னால இருக்கிய?” லில்லிபாய் தேநீரோடு நின்றாள். “விரிஞ்சிருக்கா பாரு லில்லி.” “கீழ்ச்செதில் ரெண்டு வாயைத் திறந்திருக்கு. எங்க வீட்டு மனுசன் மாதிரி, சூடு பட்டாத்தான் வாயே திறக்கும்.” சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “சோறு திங்கலியா? டப்பா அப்படியே இருக்கு.” “பசிக்கல.” “ஓணத்தில இருந்து நானும் பாக்கேன், உங்களுக்குப் பசிக்கவே இல்ல. அந்தக் கையையும் தூக்க மாட்டேங்கிய. மேல்தட்டுச் சாமானை எல்லாம் என்னைய எடுக்கச் சொல்லுதிய. தோள் வலியா?” “ஆமா, தோள் வலி.” “அப்ப எண்ணெய் போட்டுத் தடவணும்.” “தடவணும்,” என்றாள் சுகிர்தமணி. தடவினால் விரல் அங்கே போகும். லில்லிபாய் போகவில்லை. ஸ்லைடுப் பெட்டிகளைத் துடைப்பதுபோல அங்கேயே நின்றாள், ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

பாடத்துக்குத் திரும்பினாள். ஊசியிலையும் கட்டைக் கூம்பும் இருந்தால்தான் இந்தக் குலம் என்று நினைத்துவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். நம் மலைக்காடுகளில் நிறம்பலி என்றொரு மரம் நிற்கிறது, இலை அகலம், கூம்பென்று சொல்லும்படி எதுவும் கண்ணுக்குத் தெரியாது, விதை பழம்போலவே இருக்கும், கடந்துபோகிறவன் அதை ஏதோ காட்டுமரம் என்று கடந்துபோவான், ஆனால் அது பைனின் பங்காளி. கல்யாண வீட்டு அலங்காரத்துக்கு வெட்டிவரும் ஈந்து ஓலையை, சைக்கஸ் என்கிறோமே அதை, பனை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், அது பனையே அல்ல, ஆணுக்குத் தனிமரம் பெண்ணுக்குத் தனிமரமாக நிற்கும் கூம்பு தாங்கி, பனை பிறப்பதற்கு வெகு காலம் முன்பே மண்ணில் நின்ற கிழடு. தோற்றத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தவறு செய்வீர்கள். நல்லதென்று தோன்றுவதும் தோற்றம், கெட்டதென்று தோன்றுவதும் தோற்றம். இந்த வரியில் அவள் நின்றுவிட்டாள். கெட்டதென்று தோன்றுவதும் தோற்றமே என்பதை அவள் இதுவரை நினைத்ததில்லை. நல்ல பெயர்களைக் கட்டிக்குச் சூட்டிக்கொண்டிருந்தாலும், அடியில், ஆழத்தில், அவள் எப்போதோ கெட்ட பெயரை எழுதி முடித்துவிட்டிருந்தாள். பாராமலே. தன் அடக்கத்துக்கு எந்தப் பாட்டு, யார் யார் அழுவார்கள், மகள் எந்த ரயிலில் வருவாள் என்பதுவரை. அந்தப் படமும் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்ததில்லை. டிக் என்றொரு ஓசை. கூம்பில் நடுவரிசைச் செதில் ஒன்று பக்கத்துச் செதிலிலிருந்து பிய்ந்துகொண்டு நகர்ந்தது.

“மே ஐ கமின் மிஸ்?” அபிஷா வாசலில் நின்றாள், மார்போடு அணைத்த ரெக்கார்டும் நனைந்த பாவாடை ஓரமுமாக. மறுபடி வெட்டி, மறுபடி வரைந்து வந்திருந்தாள். சுகிர்தமணி திருப்பிப் பார்த்தாள். கோணலான அரைவட்டம், ஓரத்தில் கிழிசல், ஒரே ஒரு பிசின் குழாய், இன்னொன்று இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தாள். “நல்லா இல்ல மிஸ், தெரியும். ஆனா இதுதான் இருந்துச்சு.” “இதுதான் நல்லா இருக்கு,” என்று சுகிர்தமணி அந்தத் தாளின் ஓரத்தில் கையெழுத்திட்டாள். பெண்ணின் கண் விளக்கடியில் இருந்தது. “மிஸ், அது அசையுது! உயிர் இருக்கா?” “இல்ல. எப்பவோ காய்ஞ்சுபோனதுதான். செதிலோட வெளிப்பக்கம் ஈரத்தில உள்பக்கத்தைவிட அதிகமா ஊதும், அப்ப செதில் உள்ளாக வளைஞ்சு மூடிக்கிடும். காயும்போது வெளிப்பக்கம் சுருங்கும், திறந்துக்கிடும். விதை நனையாம காத்து, வெயிலும் காற்றும் வர்ற நாள்ல பறக்க விடறதுக்கு.” “அப்ப மூடியிருக்கும்போது பாத்தா முத்தலா பிஞ்சான்னு சொல்லவே முடியாதுல்ல மிஸ்?” “முடியாது.” “பின்ன எப்படித்தான் தெரிஞ்சுக்கிடறது?” சுகிர்தமணி பதில் சொல்ல வாய் திறந்தாள். பதில் வாயிலேயே இருந்தது, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அங்கேயே இருந்தது, ஆண்டுதோறும் புது மாணவிகளுக்கு முன் எடுத்து வைத்த பதில்: வெளிச்சத்துக்குக் கொண்டு வா, அறுத்துப் பார், பிறகு பெயர் சொல். சொல்லவில்லை. கூம்பை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தது, சற்று முன் யாரோ பிடித்துவிட்டுப் போனதுபோன்ற சூடு. லேசாகத் தட்டினாள். இத்தனை ஆண்டு அலமாரி வாழ்வுக்குப் பிறகும் அடியில் எங்கோ சிக்கிக்கிடந்த ஒரு விதை, ஒற்றைச் சிறகோடு சுழன்று, மேசைமேல் விழுந்தது. அபிஷா கை தட்டினாள். சுகிர்தமணியின் இடக்கை அவள் அனுமதியைக் கேட்காமல் எழுந்து, முந்தானைக்கு அடியில் அந்தச் சரிவில் போய் நின்றது. விலகவில்லை. இருந்தது. விதையைவிடப் பெரிதாக, அன்று போலவே, அல்லது அன்றைவிடச் சற்று. தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் உண்மை. அதை எழுதலாம்.

மணி அடித்தது. உடனே மனம் பழைய பாதைக்கு ஓடியது: வகுப்பை முடித்துவிட்டு, பாடம் முக்கியம், நாற்பது பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், சாயங்காலம் பார்க்கலாம், சாயங்காலம் மழை, நாளைக்கு. அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு மனப்பாடம். அதனால்தான் நின்றாள். “அபிஷா, இதையும் விளக்கையும் வகுப்புக்குக் கொண்டு போ. சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு செதிலும் திறக்கிறதைப் பாருங்க. பார்த்தத மட்டும் வரைஞ்சு வைங்க. பாடம் நாளைக்கு நடத்துதேன்.” “நீங்க வரலியா மிஸ்?” “நானும் ஒண்ணு பாக்கப் போறேன்.” பெண் ரெக்கார்டை மேசையிலேயே விட்டு, விளக்கை அணைத்துக் கக்கத்தில் இடுக்கி, கூம்பைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரு கையிலும் ஏந்திப் போனாள். சுகிர்தமணி திரும்பினாள். “லில்லி, என்கூட ஆஸ்பத்திரிக்கு வருவியா? தோள் வலி இல்ல. மார்புல ஒரு கட்டி.” லில்லிபாயின் கையில் இருந்த துணி நின்றது. வழக்கமான கேலி ஒன்று அவள் உதட்டுவரை வந்து திரும்பிப் போனது கண்ணில் தெரிந்தது. “எப்ப இருந்து?” “ஆடி.” “ஆடியா! பாவி மனுசி,” என்றாள் லில்லிபாய், மேடம் என்பதை விட்டுவிட்டு, பிறகு குரலை இறக்கி, “குடை என்கிட்ட இருக்கு. உங்க வீட்டு அண்ணனுக்குப் போன் போடுங்க, ஆட்டோவில போய்க்கிட்டே பேசலாம். அழுதாருன்னா போனை என்கிட்ட குடுங்க, நான் ரெண்டு வார்த்தை சொல்லுதேன்.” சுகிர்தமணி சிரித்தாள். விளக்கை எடுத்துப் போய்விட்டதால் அறை இருண்டிருந்தது, ஆனாலும் பிசின் மணம் போகவில்லை. இரண்டு பெண்களும் ஒரு குடைக்குள் முற்றத்தைக் கடந்தார்கள்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்கிறீர்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. ஒன்றுமில்லை என்றார் என்று சொன்னால், ‘பார்த்தாயா, நமக்கும் ஒன்றுமிராது’ என்று நிம்மதியாக உட்கார்ந்துகொள்வீர்கள். இருக்கிறது என்றார் என்று சொன்னால், ‘பார்த்தாயா, போனால் இதைத்தான் சொல்வார்கள்’ என்று அதே இடத்தில் உட்கார்ந்துகொள்வீர்கள். இரண்டு பதிலையும் உங்கள் கூம்பின் இன்னும் ஒரு செதிலாக அடுக்கிக்கொள்ள உங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருந்தது. அன்று அவள் சென்றாள், திறந்து காட்டினாள், பாடநூல் படத்தைத் தானே கிழித்தாள். அவ்வளவே இந்தக் கதை. மற்றது உங்களுடையது. முதலில் நான் கேட்ட கேள்விக்கு உங்களுக்குள் ஓர் இடம் பதிலாக எழுந்ததே, இதைப் படித்துக்கொண்டே அதைச் சுற்றி ஒரு வளைவு எடுத்தீர்களே, அந்த இடத்துக்குக் கையைக் கொண்டு போங்கள். உங்களோடு வரக்கூடிய ஒருவரைக் கூப்பிடுங்கள். விழா முடியட்டும், தேர்வு முடியட்டும், மழை நிற்கட்டும் என்று சொல்லாதீர்கள், மழை நிற்காது. இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்திருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே, இன்றைக்கே போய்க் காட்டுங்கள்.